"1965 ஷெல்பி கோப்ரா 427", விலை 72,000 டாலர்: இந்த விளம்பரத்தில் எது நிஜம்?

கடலோரச்சாலை

வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாளாக ஒரு கோப்ரா (அறுபதுகளில் அமெரிக்காவின் கரோல் ஷெல்பி விற்ற திறந்த ஸ்போர்ட்ஸ் கார்) வாங்க வேண்டும் என்று மனசு அரித்துக்கொண்டே இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு விளம்பரம் சிக்கியது. தமிழில் தருகிறேன்:

"1965 ஷெல்பி கோப்ரா 427. டைட்டிலிலும் (வண்டியின் உரிமைப் பத்திரம்) 1965 என்றே இருக்கிறது. காந்தம் ஒட்டாத பாடி. டேஷ்போர்டில் கரோல் ஷெல்பியின் நிஜக் கையெழுத்து. முழுமையாக ரீஸ்டோர் செய்யப்பட்டது, அதன் பிறகு 6,000 மைல்தான் ஓடியிருக்கிறது. 72,000 டாலர். வெறுமனே விசாரிப்பவர்கள் வேண்டாம்."

டைட்டில் வேறொரு மாநிலத்தில் வாங்கியது. ரெப்ளிகாவாகத்தான் (பிற்காலத்தில் அதே உருவத்தில் கட்டிய நகல்) இருக்கும் என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் விளம்பரத்தில் அந்த வார்த்தையைத் தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. போன் செய்து கேட்டால், "அரசாங்கப் பேப்பரில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் சார் கார்" என்கிறார். இவர் பொய் சொல்கிறாரா, இல்லை சட்டப்படி இப்படித்தான் விற்பார்களா?

கார்பரேட்டர்காதலன்

தம்பி, முதலில் விலையைப் பாருங்கள். அறுபதுகளில் செய்த கோப்ராக்கள் எல்லா வகையும் சேர்த்தே ஏறத்தாழ ஆயிரம்தான். அதில் முதல் கார், சேசிஸ் (அடிச்சட்டகம்) நம்பர் சி.எஸ்.எக்ஸ் 2000, 2016இல் மான்டெரே ஏலத்தில் 1 கோடியே 37.5 லட்சம் டாலருக்குப் போனது. ஷெல்பி தனக்கென்று வைத்திருந்த சூப்பர் ஸ்நேக் 2007இல் 55 லட்சம். 72,000க்கு அசல் 427 ஒன்று தெருவில் நின்றால், அது உங்கள் போன் வருகிற வரைக்கும் நிற்காது.

இனி விளம்பரத்தை ஒவ்வொரு வரியாக உரிப்போம். இதில் அப்பட்டமான பொய் என்று ஒரு வரியைக்கூடக் காட்ட முடியாமல் போகலாம் என்பதுதான் வேடிக்கை.

"காந்தம் ஒட்டாது." அசல் கோப்ராவின் உடம்பு அலுமினியம், காந்தம் ஒட்டாது. சரி. ரெப்ளிகாக்களில் பெரும்பாலானவை ஃபைபர்கிளாஸ். அதிலும் ஒட்டாது! அலுமினியம் என்று அவர் எழுதவே இல்லை, கவனித்தீர்களா? அப்படி நினைத்துக்கொள்ளும் வேலையை உங்களிடம் விட்டுவிட்டார். வீல் ஆர்ச்சுக்கு உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள், ஃபைபர் இழை கையில் தட்டுப்படும்.

"427." அசலில் இருந்தது ஃபோர்டின் பெரிய 427 கன அங்குல எஞ்சின், ஏழு லிட்டர். இன்று ரெப்ளிகா கட்டுகிறவர்களுக்குப் பிடித்தமான வேலை, சின்ன 351 விண்ட்சர் பிளாக்கை எடுத்து, ஸ்ட்ரோக்கை (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) கூட்டி அதையே 427 கன அங்குலம் ஆக்குவது. நல்ல எஞ்சின், குறை சொல்ல மாட்டேன், எடையும் குறைவு. அதைப் போட்டுவிட்டு 427 என்று எழுதினால் பொய்யா? அளவு சரியாகத்தானே இருக்கிறது! இதற்கு நேர்மாறான கூத்தும் உண்டு. அறுபதுகளில் ஷெல்பியே கணிசமான "427" கோப்ராக்களை, மலிவான 428 எஞ்சினைப் போட்டு விற்றார். ஆக, பானட்டைத் திறந்து 427 பிளாக் இருக்கிறது என்பதால் அது அசலும் ஆகாது, 428 இருக்கிறது என்பதால் போலியும் ஆகாது.

"ஷெல்பி கையெழுத்து." நிஜமாகவே இருக்கலாம். ஷெல்பி தன் பெயரில் நடந்த குழந்தைகள் அறக்கட்டளைக்கு நன்கொடை வாங்கிக்கொண்டு, யார் கொண்டுவந்த கிளவ் பாக்ஸ் மூடியிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர். கையெழுத்து அவருடையது, கார் எவருடையதோ.

"ரீஸ்டோர் செய்யப்பட்டது." இதுதான் எனக்கு எரிச்சல் ஊட்டும் வரி. புதிதாகக் கட்டிய காரில் ரீஸ்டோர் செய்ய என்ன இருக்கிறது? அந்த 6,000 மைல், கட்டி முடித்ததிலிருந்து ஓடியதாக இருக்கும்.

அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சேசிஸ் நம்பர் என்ன? ஷெல்பி அமெரிக்கன் ஆட்டோமொபைல் கிளப் வெளியிடும் ரெஜிஸ்ட்ரியில் அறுபதுகளின் கோப்ராக்கள் நம்பர் வாரியாக, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதுவரை பதிவாகியிருக்கின்றன. நம்பர் கேட்டதும் பேச்சை மாற்றினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஓரமாய்ப்போறவன்

காந்தம் ஒட்டாததெல்லாம் கோப்ரா என்றால் எங்கள் வீட்டுக் குளியலறையில் ஒரு பச்சைக் கோப்ரா இருக்கிறது. பிடியும் மூடியும் அசல். சீரியஸ் பையர்கள் மட்டும்.

நாலாவதுகியர்

ரெப்ளிகா என்றதும் எல்லோரும் கல்லைத் தூக்கிவிட்டீர்கள். நான் ஒரு கோப்ரா ரெப்ளிகாவின் சொந்தக்காரன். மசாசூசெட்ஸில் இருக்கும் ஃபேக்டரி ஃபைவ் 1995லிருந்து கிட் (நாமே பூட்டிக்கொள்ளும் பாகத் தொகுப்பு) விற்கிறது, அதை வாங்கி நானே என் கராஜில் பூட்டினேன். பழைய மஸ்டாங் ஒன்றிலிருந்து எஞ்சின், ஆக்சில், பிரேக். என் மனைவிக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது, அது தனிக்கதை. டெக்ஸாஸ் வெயிலில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

யாராவது பெட்ரோல் பங்கில் வந்து "ஒரிஜினலா?" என்று கேட்டால் "இல்லை, நானே கட்டினேன்" என்று சொல்வதில் எனக்குப் பெருமைதான். அசல் வைத்திருக்கிறவர்கள் அதைப் போர்வை போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். சாலையில் அந்த உருவத்தை இன்றைக்கும் உயிரோடு வைத்திருப்பது எங்களைப் போன்றவர்கள்தான்.

இன்னொன்று. அந்த விற்பனையாளர் டைட்டிலில் இருப்பதைத்தானே சொல்கிறார்? அரசாங்கமே 1965 என்று எழுதிக் கொடுத்திருக்கும்போது அவர் வேறு வருடத்தை எழுதினால்தான் தப்பு என்பார்கள். 72,000 டாலருக்கு அசல் கிடைக்காது என்பது கோப்ரா வாங்க வருகிற எவருக்கும் தெரியும். யார் இங்கே ஏமாந்தது?

கேஸ்கெட்

நாலாவதுகியர், உங்கள் காரைப் பற்றி ஒரு குறையும் இல்லை. ஆனால் டைட்டில் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்ள முடியாது. நான் நியூ ஜெர்சியில் பழைய கார்களுக்கு இன்சூரன்ஸ் மதிப்பீடு செய்கிறவள். தினமும் இந்தப் பேப்பர்களோடுதான் குடித்தனம்.

டைட்டிலில் இருக்கும் வருடம் ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு அர்த்தம். சில மாநிலங்கள் கட்டி முடித்த வருடத்தைப் போடும். சில மாநிலங்கள் எந்தக் காரின் உருவத்தில் கட்டினீர்களோ அந்த வருடத்தையே போட்டுவிடும். கலிபோர்னியாவில் எஸ்.பி.100 என்று ஒரு சட்டம் இருக்கிறது. இப்படித் தனியாகக் கட்டப்படும் வண்டிகளுக்கு வருடத்துக்கு 500 சான்றிதழ்தான். அதை வாங்கிவிட்டால், புகைப் பரிசோதனைக்கு உங்கள் கார் எந்த வருடத்துக் காரைப் போல இருக்கிறதோ அந்த வருடத்தின் விதி போதும். பார்த்தீர்களா, புகைக்காகவும் பதிவுக்காகவும் எழுதிய வருடம் அது. கார் அந்த வருடம் பிறந்தது என்று எந்த அரசாங்கமும் சத்தியம் செய்யவில்லை. அதைத் தூக்கி விளம்பரத்தின் தலைப்பில் போட்டால், பேப்பர் சொல்லாத ஒன்றைப் பேப்பரின் பெயரால் சொல்கிறார் என்றுதான் அர்த்தம்.

யார் ஏமாந்தது என்று கேட்டீர்கள். முதல் ஆள் பெரும்பாலும் ஏமாறுவதில்லை. கட்டியவர் நேர்மையாக எல்லாம் சொல்லித்தான் விற்பார்: எந்த கிட், எந்த எஞ்சின், எந்த வருடம், பில்களோடு. அவரிடம் வாங்கியவர் விற்கும்போது "ரெப்ளிகா" என்பது கடைசிப் பத்திக்குப் போய்விடும். மூன்றாவது ஆள் பில்களைத் தொலைத்திருப்பார். நான்காவது ஆள் உண்மையிலேயே "1965, ரீஸ்டோர் செய்தது" என்று நம்பிக்கொண்டிருப்பார். அவர் இறந்த பிறகு பிள்ளைகள் என்னிடம் வருவார்கள், அப்பா ஒரு ஷெல்பி விட்டுப்போயிருக்கிறார் என்று. அந்த முகங்களைப் பார்த்து உண்மையைச் சொல்வது லேசான காரியம் இல்லை. இந்த வரிசையில் பொய்யன் யார் என்று விரல் நீட்டத் தேடினால் பல சமயம் கிடைக்கவே மாட்டான்.

கடலோரச்சாலை, உங்களுக்கு ஒரு நடைமுறை விஷயம். இந்த மாதிரிக் கார்களுக்கு இரண்டு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்புக்குத்தான் பாலிசி எடுப்போம். விண்ணப்பத்தில் "1965 ஷெல்பி" என்று எழுதி, விபத்துக்குப் பிறகு அது ரெப்ளிகா என்று தெரிந்தால், தவறான தகவல் கொடுத்தீர்கள் என்று கம்பெனி கையை விரிக்க இடம் உண்டு. விற்றவர் சொன்னதைத்தான் எழுதினேன் என்பது அங்கே எடுபடுமா என்று நம்பி உட்கார முடியாது.

வலதுஸ்டியரிங்

இஞ்ச லண்டனிலையும் உதே கதைதான், ஆட்டம்தான் கொஞ்சம் வேற. இஞ்ச லொக் புக்கை (வண்டியின்ரை பதிவுப் பத்திரம்) வைச்சு விளையாடுவினம். ஜாகுவார் சி-டைப், டி-டைப் எண்ட ஐம்பதுகளின்ரை பந்தயக் கார் மாதிரிச் செய்யிற ஆக்கள், பழைய ஜாகுவார் செடான் ஒண்டை உடைச்சு அதின்ரை எஞ்சின், அச்சு, கியர்பொக்ஸ் எல்லாத்தையும் எடுத்துப் புதுச் சட்டகத்திலை பூட்டுவினம். உடைச்ச காரின்ரை லொக் புக் புதுக் காருக்கு வந்திடும். பிறகு விளம்பரத்திலை "1950களின் ஜாகுவார், அசல் பதிவு எண்ணோடை" எண்டு போடுவினம். இதைத் தடுக்கத்தான் டி.வி.எல்.ஏ. எண்ட வாகனப் பதிவு அலுவலகம் பல வருஷமா ஒரு புள்ளிக் கணக்கு வைச்சிருந்தது: சட்டகத்துக்கு 5, சஸ்பென்ஷன், அச்சு, கியர்பொக்ஸ், ஸ்டியரிங் ஒவ்வொண்டுக்கும் 2, எஞ்சினுக்கு 1. எட்டுப் புள்ளி வேண்டியிருந்தது, அதிலை சட்டகத்தின்ரை அஞ்சு கட்டாயம். அதுக்குக் குறைஞ்சா பழைய எண் குடுக்கேல்லை, வயதோ அடையாளமோ நிச்சயமில்லாத வண்டிக்குக் குடுக்கிற கியூ பிளேட்தான் குடுத்தவை. கியூ பிளேட் எண்டா விலை விழுந்திடும் எண்டபடியா அந்தப் பக்கமே போகாமல் சுத்தி ஓடுறவை கனபேர்.

இன்னும் ரெண்டு பேப்பரைப் பற்றிச் சொல்லவேணும், ஏனெண்டால் விக்கிற ஆக்கள் அதுகளைத்தான் கண்ணாடிச் சட்டம் போட்டுக் காட்டுவினம்.

ஒண்டு, ஜாகுவார் ஹெரிடேஜ் சான்றிதழ். இந்தச் சேசிஸ் எண்ணோடை ஒரு கார் இன்ன திகதி இன்ன நிறத்திலை தொழிற்சாலையை விட்டுப் போனது எண்டு அந்தக் காலப் பதிவேட்டைப் பார்த்து எழுதித் தாறது. உங்களுக்கு முன்னாலை நிக்கிற கார் அதுதான் எண்டு அந்தச் சான்றிதழ் ஒரு இடத்திலும் சொல்லாது. காரை ஒருத்தரும் வந்து பார்க்கிறேல்லை.

மற்றது, எஃப்.ஐ.ஏ. எண்ட உலகக் கார்ப் பந்தய அமைப்பின்ரை எச்.டி.பி. எண்ட தொழில்நுட்பப் பாஸ்போர்ட். "எஃப்.ஐ.ஏ. பேப்பர் இருக்கு" எண்டு சொன்னால் வாங்க வாறவைக்கு ஒரு மயக்கம். கார் அந்தக் காலத்து விதிப்படி கட்டப்பட்டிருக்குது, வரலாற்றுப் பந்தயத்திலை ஓடலாம் எண்டதுதான் அதின்ரை பொருள். போன வருஷம் கட்டின காருக்கும் அளவுகள் சரியா இருந்தால் அது கிடைக்கும். பிறப்புச் சான்றிதழ் எண்டு நினைச்சு அதுக்குக் காசு குடுக்காதேங்கோ.

கடலோரச்சாலை

கேஸ்கெட் அக்கா, வலதுஸ்டியரிங் அண்ணா, நன்றி. ஒரு சந்தேகம். பாகங்களை மாற்றிக்கொண்டே போனால் எப்போது அசல் போலி ஆகிறது? ரேஸ் கார்களில் பாதி பாகங்கள் அந்தக் காலத்திலேயே மாறியிருக்குமே?

வலதுஸ்டியரிங்

உதுக்கு ஒரு வழக்கே இருக்குது தம்பி. எனக்குப் பிடிச்ச வழக்கு, கொஞ்சம் நீட்டிச் சொல்லுறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ், "ஓல்ட் நம்பர் வன்" எண்டு பேர். 1929இல் லெ மான் எண்ட பிரெஞ்சு 24 மணித்தியாலப் பந்தயத்தை வெண்டது, பர்னாட்டோவும் பேர்க்கினும் ஓடினவை. 1930இலும் அதே கார்தான் வெண்டது, அப்ப பர்னாட்டோவும் கிட்ஸ்டனும். ஒரே கார் அடுத்தடுத்து ரெண்டு தரம் லெ மான் வெல்லுறது எண்டால் சும்மா விஷயமே! 1932இல் புரூக்லண்ட்ஸ் 500 மைல் பந்தயத்துக்குப் பெரிய எட்டு லீட்டர் எஞ்சின் போட்டு ஓடினவை. கார் பந்தயப் பாதையின்ரை சரிஞ்ச கரைக்கு மேலாலை பறந்து போய், ஓடின கிளைவ் டன்ஃபீ இறந்து போனார். அதுக்குப் பிறகு அதையே கூப்பே உடம்போடை திருப்பிக் கட்டினவை. பிறகும் எத்தினையோ மாற்றம்.

எண்பதுகளின்ரை கடைசியிலை பழைய கார் விலை வானத்துக்கு ஏறின நேரம். மிடில்பிரிட்ஜ் எண்ட கொம்பனி இந்தக் காரை 1 கோடி பவுணுக்கு வாங்க ஒத்துக்கொண்டுது. பிறகு "இது ஓல்ட் நம்பர் வன்னே இல்லை, லெ மான் ஓடின கார் இதிலை எங்க இருக்கு?" எண்டு பின்வாங்கிச்சுது. வித்தவர் நீதிமன்றம் போனார். 1990இல் நீதிபதி ஓட்டன் தீர்ப்புச் சொன்னார். 1929, 1930 காலத்துச் சாமான் அந்தக் காரிலை மிச்சம் இருந்தது மிகக் கொஞ்சம், அதை அவரே ஏற்றுக்கொண்டார். எண்டாலும் அசல்தான் எண்டார். ஏனெண்டால் அந்தக் கார் ஒரு நாளும் இல்லாமல் போகேல்லை. ஒவ்வொரு மாற்றமும் இருக்கிற காரிலைதான் நடந்தது, இடையிலை அறுந்து போகாத வரலாறு இருக்குது, நான்தான் ஓல்ட் நம்பர் வன் எண்டு சொல்ல வேற ஒரு காரும் இல்லை.

இந்தத் தீர்ப்பை வித்துப் பிழைக்கிற ஆக்கள் இண்டைக்கும் தலைகீழாப் பிடிக்கினம். "பாருங்கோ, பாகம் முக்கியமில்லை எண்டு கோட்டே சொல்லிப்போட்டுது" எண்டு. பாகத்தின்ரை இடத்திலை தொடர்ச்சி நிண்டது. உங்கட விளம்பரக் காரிலை பாகமும் இல்லை, தொடர்ச்சியும் இல்லை.

நாலாவதுகியர்

சரி அண்ணே, தொடர்ச்சிதான் முக்கியம் என்றால் கம்பெனிகளே செய்வதை என்ன சொல்வீர்கள்? 1957 பிப்ரவரியில் ஜாகுவாரின் பிரவுன்ஸ் லேன் தொழிற்சாலை தீப்பிடித்தது. எக்ஸ்.கே.எஸ்.எஸ். என்ற ஸ்போர்ட்ஸ் கார் 25 செய்யத் திட்டம், 16தான் வெளியே போயிருந்தது, 9 கார்கள் எரிந்துபோயின. 2016இல் ஜாகுவார் எழுந்து வந்து "அந்த ஒன்பதை இப்போது செய்கிறோம்" என்று ஒன்றுக்குப் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் விலை சொன்னது. அதற்கு முன்பே 1963இன் லைட்வெயிட் ஈ-டைப். 18 நம்பர் ஒதுக்கி 12தான் செய்தார்கள், மிச்சம் ஆறு நம்பரை ஐம்பது வருடம் கழித்து நிரப்பினார்கள். நடுவில் அரை நூற்றாண்டு அறுந்துகிடக்கிறது. நான் கராஜில் கட்டினால் போலி, கம்பெனி கட்டினால் "கன்டினியூவேஷன்" (தொடர்ச்சி). பணக்காரன் வீட்டுக் கல்யாணத்தில் மட்டும் ராகுகாலம் இல்லை!

கார்பரேட்டர்காதலன்

பாதி நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஐம்பதுகளின் கார் அல்ல என்பதில் அந்த ஒன்பதும் உங்கள் காரும் ஒரே ஜாதிதான். அவற்றை எக்ஸ்.கே.எஸ்.எஸ். என்று அழைக்கலாம், 1957 என்று அழைக்க முடியாது. ஆனால் ஜாகுவார் அதை எந்த இடத்திலும் மறைக்கவில்லை. இப்போது செய்தது, இத்தனை செய்தோம், இந்த விலை என்று ஊரறியச் சொல்லித்தான் விற்றது. வாங்கியவர்களும் தெரிந்துதான் வாங்கினார்கள். அந்த விலை நியாயமா என்று என்னைக் கேட்காதீர்கள், அந்தக் காசுக்கு நான் வேறு என்னென்னவோ செய்வேன்.

கம்பெனிக்காரனே மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் கோப்ராவிலேயே கதை இருக்கிறது. 427 பந்தயக் கோப்ராவை எஃப்.ஐ.ஏ. அங்கீகரிக்க 100 கார் காட்ட வேண்டியிருந்தது. நூறு நம்பர் ஒதுக்கினார்கள், ஐம்பத்துச் சொச்சம்தான் கட்டினார்கள். மிச்ச நம்பர்கள் வெறும் நம்பராகவே கிடந்தன. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அசல் 427இன் விலை எகிறியதும், அறுபதுகளிலிருந்து மிச்சம் இருந்த சேசிஸ்கள் தன்னிடம் இருப்பதாகச் சொல்லி ஷெல்பி அவற்றை முடித்து விற்கக் கிளம்பினார். கலிபோர்னியாவின் வாகனப் பதிவுத் துறையான டி.எம்.வி.யிடம் உறுதிமொழி எழுதிக் கொடுத்து 43 கார்களுக்கு டூப்ளிகேட் டைட்டில் வாங்கினார். அந்தக் காலத்தில் வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டியதுகூட இல்லை, எழுதிக் கொடுத்தால் போதும். 1993இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் இதைத் தோண்டியது. அந்த நம்பர்களில் தாங்கள் சேசிஸ் எதுவும் செய்யவில்லை என்று அறுபதுகளில் கோப்ராவுக்குச் சேசிஸ் செய்து கொடுத்த இங்கிலாந்தின் ஏ.சி. கார்ஸ் கடிதம் கொடுத்தது. அவை 1991, 1992இல் டாரன்ஸ் நகரத்துப் பட்டறை ஒன்றில் செய்யப்பட்டவை என்று கடைசியில் ஷெல்பியே ஒப்புக்கொண்டார்.

அதற்குப் பிறகு சி.எஸ்.எக்ஸ் 4000 வரிசை வந்தது. புது வரிசை எண், கன்டினியூவேஷன் என்று வெளிப்படையாகச் சொல்லியே விற்பனை. ஒரு வம்பும் இல்லை, நன்றாகவே விற்றது. அதே மனிதர், அதே உருவம்! முதல் 43ஐயும் இப்படியே விற்றிருக்கலாம், ஆனால் 1965 என்ற நாலு இலக்கத்துக்கு இருந்த விலையை விட மனசு வரவில்லை.

கடலோரச்சாலை, இதை ஞாபகம் வையுங்கள்: யாராவது "சி.எஸ்.எக்ஸ் நம்பர் இருக்கிறது" என்றால் எந்த ஆயிர வரிசை என்று கேளுங்கள். 2000, 3000 அறுபதுகளுடையவை, 4000 அப்படி அல்ல. 3000 என்றால் அந்த 43இல் ஒன்றா என்றும் ரெஜிஸ்ட்ரியைப் பார்க்க வேண்டும்.

ஓரமாய்ப்போறவன்

தன் காருக்குத் தானே டூப்ளிகேட் விட்டவர். இதற்கு மேல் நான் ஜோக் அடிக்க என்ன இருக்கிறது, கிளம்புகிறேன்.

கேஸ்கெட்

நாலாவதுகியர் கேட்ட "யார் ஏமாந்தது" கேள்விக்கு இன்னொரு பதிலும் இருக்கிறது. எண்பதுகளில் ஃபைபர்கிளாஸில் ஃபெராரி டேடோனா ஸ்பைடர், டெஸ்டரோசா உருவங்களைச் செய்து விற்ற ஒருவர் மேல் ஃபெராரி வழக்குப் போட்டது. வாங்குகிறவர்களிடம் இது ஃபெராரி இல்லை என்று சொல்லித்தான் விற்கிறேன் என்று அவர் வாதாடினார். 1991இல் அமெரிக்காவின் ஆறாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வாங்கியவருக்குத் தெரிந்திருக்கலாம், சாலையில் அதைப் பார்க்கிறவர்களுக்குத் தெரியாதே, அவர்கள் குழம்பினாலும் ஃபெராரியின் பெயருக்குச் சேதம்தான் என்றது. அதாவது விற்ற நிமிஷத்தோடு கணக்கு முடியவில்லை என்பதை நீதிமன்றமும் பார்த்திருக்கிறது.

அதோடு ஃபெராரி 2019இல் இத்தாலியின் போலோன்யா நீதிமன்றத்தில் 250 ஜி.டி.ஓ.வின் வடிவம் ஒரு கலைப்படைப்பு, அதை மற்றவர்கள் நகலெடுக்கக்கூடாது என்றும் தீர்ப்பு வாங்கியது. அது எனக்குக் கொஞ்சம் அதிகப்படியாகத்தான் தெரிகிறது. 36 கார் செய்துவிட்டு அறுபது வருடமாக உருவத்தையே பூட்டி வைப்பது வாங்குகிறவர்களுக்கு ஒரு பாதுகாப்பும் தராது, கம்பெனிக்குத்தான் தரும். எனக்கு வேண்டியது பேப்பரில் உண்மை. அதற்கு அமெரிக்காவில் 2015இல் வந்த சட்டம் மேல். சின்னக் கம்பெனிகள் வருடத்துக்கு 325 ரெப்ளிகா வரை முழுசாகக் கட்டி விற்கலாம். ஆனால் இது ரெப்ளிகா, இந்த வருடத்துக் காரின் உருவம் என்று நிரந்தர லேபிள் காரிலேயே இருக்க வேண்டும். நான் சொன்ன மூன்றாவது, நான்காவது ஆளுக்கு அந்த லேபிள்தான் துணை. ஆனால் கராஜில் பூட்டும் கிட்களுக்கு இது பொருந்தாது.

ஏர்கூல்ட்

தாமதமாக வருகிறேன். கோப்ராவிலாவது விலை காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் போர்ஷே பக்கம் வந்து பாருங்கள். 1973இன் 911 கரேரா ஆர்.எஸ். 2.7, மொத்தம் 1,580தான் செய்தார்கள், அதில் லைட்வெயிட் 200. அதே காலத்து சாதாரண 911 ஆயிரக்கணக்கில் உண்டு, இரும்பு உடம்பும் ஏறக்குறைய ஒன்றுதான். பின் ஃபெண்டரை அகலப்படுத்தி, டக்டெயில் (பின்பக்கச் சிறு இறக்கை) மாட்டி, பக்கவாட்டில் கரேரா என்று எழுதிவிட்டால் பத்து அடி தூரத்தில் எவனாலும் சொல்ல முடியாது. அந்தக் காலத்து உலோகம், அந்தக் காலத்து கண்ணாடி, அந்தக் காலத்து சீட். ஃபைபரைத் தடவிக் கண்டுபிடிக்கிற வேலையெல்லாம் இங்கே நடக்காது.

அதை "ஆர்.எஸ். ட்ரிப்யூட்", அதாவது நகல், என்று விற்றால் ஒரு விலை, ஆர்.எஸ். என்று விற்றால் பல மடங்கு. அந்த வித்தியாசத்துக்காக சேசிஸ் நம்பரையே வெட்டிப் புதிதாகக் குத்துகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கோ மோதி ஒழிந்த அசல் ஆர்.எஸ்.ஸின் நம்பரை வேறொரு உடம்புக்குக் கொடுப்பதும் நடக்கும். பிறகு அந்த அசல் உயிரோடு எங்காவது கிளம்பி வரும், ஒரே நம்பரில் இரண்டு கார். நான் வாங்கப் போகும்போது நம்பரை விட அதைச் சுற்றியிருக்கும் உலோகத்தைத்தான் பார்ப்பேன். வெல்டிங் கோடு, தடிமன், எழுத்தின் வடிவம், பெயின்டுக்கு அடியில் புட்டி. எஞ்சின், கியர்பாக்ஸ் நம்பர்கள் தொழிற்சாலைப் பதிவோடு ஒத்துப்போகின்றனவா என்பது அதற்குப் பிறகு.

நாலாவதுகியர்

நம்பர் விஷயத்தில் சட்டத்தை ரொம்ப இறுக்கினாலும் ஆபத்து. கான்சாஸ்காரர் ஒருவர் வாங்கிய 1959 கார்வெட்டை 2017இல் போலீஸ் பறிமுதல் செய்தது. ரீஸ்டோர் செய்தபோது வி.ஐ.என். (வண்டியின் அடையாள எண்) தகட்டைக் கழற்றித் திரும்ப மாட்டியிருந்தார்கள், அவ்வளவுதான். நேர்மையாகக் காசு கொடுத்து வாங்கியவர் வருடக்கணக்கில் அலைந்தார். காரை நசுக்கிவிடுவார்களோ என்ற நிலைமை வரைக்கும் போனது. 2022இல் மாநிலச் சட்டத்தையே திருத்திய பிறகுதான் விடிந்தது. ஏமாற்றுகிறவனைப் பிடிக்க விரிக்கும் வலையில் முதலில் மாட்டுவது பெயின்ட் அடிக்கத் தகட்டைக் கழற்றியவன்தான்.

ஆனால் கேஸ்கெட் சொன்ன அந்த நான்காவது ஆள் கதை என்னை உறுத்துகிறது. என் காரின் பில், கட்டும்போது எடுத்த போட்டோ எல்லாவற்றையும் ஒரு ஃபைலாகப் போட்டு, டேஷ்போர்டுக்குப் பின்னால் சேசிஸ் குழாயிலேயே "கிட், டெக்ஸாஸ், 2011" என்று பொறித்துவிடலாம் என்று இருக்கிறேன்.

கேஸ்கெட்

தாராளமாகச் செய்யுங்கள். ஸ்டிக்கர் வேண்டாம், உலோகத்திலேயே பொறியுங்கள். ஸ்டிக்கர் அடுத்த ஆள் கைக்குப் போகும்முன் உரிந்துவிடும்.

நெறியாளர்

விற்பனையாளரின் பெயரையும் போன் நம்பரையும் கேட்டு இரண்டு பேர் தனிமடல் போட்டிருக்கிறீர்கள். இங்கே யாரும் வெளியிட வேண்டாம். காரைப் பற்றிப் பேசுங்கள், ஆளைப் பற்றி வேண்டாம்.

கடலோரச்சாலை

அண்ணன் சொன்னபடி சேசிஸ் நம்பர் கேட்டேன். முதலில் "நேரில் வந்து பாருங்கள்" என்றார். கிட் கம்பெனி எது, கட்டிய வருடம் எது, "1965இல் தயாரிக்கப்பட்டது" என்று பில்லில் எழுதிக் கையெழுத்துப் போடுவீர்களா என்று மூன்றையும் எழுத்தில் அனுப்பினேன். இரண்டு நாள் சத்தமில்லை. பிறகு ஒரு வரி: "உள்ளது உள்ளபடி விற்பனை, டைட்டிலில் இருப்பதற்கு மேல் எதற்கும் நான் பொறுப்பில்லை." விளம்பரத்தில் மட்டும் ஒரு மாற்றம். "1965 ஷெல்பி கோப்ரா" இப்போது "1965 கோப்ரா" ஆகியிருக்கிறது. விலை அப்படியேதான் இருக்கிறது.

விட்டுவிட்டேன். இப்போது சான் டியேகோவில் சூப்பர்ஃபார்மன்ஸ் கம்பெனியின் கோப்ரா ரெப்ளிகா ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். தென்னாப்பிரிக்காவில் செய்தது, தலைப்பிலேயே ரெப்ளிகா என்று எழுதியிருக்கிறார், கட்டிய வருடம், எஞ்சின் போட்ட பட்டறையின் பில், எஸ்.பி.100 சான்றிதழ் எல்லாம் போட்டோவோடு. எஞ்சின் 351 விண்ட்சரில் கட்டிய 427 என்று அவரே சொல்கிறார். விலை முதல் காரை விடக் கொஞ்சம் கூடத்தான். சனிக்கிழமை பார்க்கப் போகிறேன். என்ன கவனிக்க வேண்டும்?

கார்பரேட்டர்காதலன்

கூலன்ட் சூட்டைப் பாருங்கள். நெரிசலில் அரை மணி நேரம் ஓட்டச் சொல்லி மீட்டரைக் கவனியுங்கள், இந்த உருவத்தில் பெரிய எஞ்சின் போட்டால் முதலில் தகராறு செய்வது அதுதான். கிளட்ச் எவ்வளவு கனம் என்று உங்கள் காலால் பாருங்கள், அவர் சொல்வதை நம்ப வேண்டாம். குளிர்ந்த எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

நாலாவதுகியர்

மழை வந்தால் மேலே எதுவும் இல்லை, அது தெரியும்தானே? அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு மட்டும் போகாதீர்கள். கதவுக்குக் கீழேயே சைடு பைப் ஓடுகிறது. இறங்கும்போது கெண்டைக்காலில் ஒரு முத்தம் கொடுக்கும், கோப்ரா வைத்திருக்கிற எல்லோரிடமும் அந்தத் தழும்பு இருக்கும். அசல்காரர்களிடமும்தான்.